சுகாதார நிலைய ஆலோசனைக் குழுவில் இருந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

புதுவரவு:

எங்கள் சமூக சுகாதார நிலையத்தில் நோயாளிகள், அக்கம்பக்கத்தவர்கள் சிலரைச் சேர்த்து ஓர் ஆலோசனைக் குழு வைத்திருக்கிறார்கள். அதில் ஓர் இடம் காலியாம். அம்மாவை அடிக்கடி அங்கே கூட்டிப் போவதால் என்னைத் தெரியும் போல. "நீங்க வாங்களேன்" என்று கேட்டிருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, மருத்துவம் படித்திருக்க வேண்டியதும் இல்லையாம். போனால் உருப்படியாக ஏதாவது நடக்குமா, இல்லை கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலையாட்டி வரும் வேலைதானா? இப்படி ஒரு குழுவில் இருந்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

தாழ்வாரம்:

போங்கள் தோழி. ஆனால் சரி என்று சொல்வதற்கு முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: குழு சொல்வதற்கு யார் பதில் சொல்ல வேண்டும், எத்தனை நாளுக்குள்? இதற்குத் தெளிவான பதில் இல்லாத குழுவில் எவ்வளவு நல்லவர்கள் இருந்தாலும் ஒன்றும் நகராது.

நான் சர்க்கரை நோய்க்காக அங்கே போய்வருகிறவள். அந்தத் தகுதியில்தான் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் கூட்டத்தில் பேசியதில் பாதி புரியவில்லை. எல்லாம் சுருக்கெழுத்து, திட்டத்துக்கு மூன்றெழுத்து, படிவத்துக்கு நான்கெழுத்து. கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்களில் ஒரு பெரியவர், பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர்தான் ஒருநாள் "சார், இந்த எழுத்தெல்லாம் என்னன்னு விளக்கமா சொல்லிட்டு அப்புறம் பேசுங்க" என்றார். சொல்லப் போனவருக்கே ஒன்றிரண்டுக்கு விரிவு தெரியவில்லை. பக்கத்தில் இருந்த மருத்துவருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் எல்லாரும் தைரியமாகக் கேட்க ஆரம்பித்தோம்.

நடந்த வேலை ஒன்றைச் சொல்கிறேன். பதிவு கவுண்டர்தான் விஷயம். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் "என்ன தொந்தரவு?" என்று கேட்பார். கூடத்தில் இருக்கும் சத்தத்தில் அவருக்குக் கேட்க வேண்டும் என்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும். பின்னால் நிற்பவரின் மூச்சு நம் தோளில் படும். நிர்வாகத்தைப் பொறுத்தவரை கவுண்டரில் பிரச்சினை என்றால் அது வேகம்தான். வரிசை நீள்கிறது, கணினி பழசு, புதுசுக்குப் பணம் கேட்டிருக்கிறோம் என்று அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது குழுவில் ஒரு பெண், அதிகம் பேசாதவள், சொன்னாள்: சிறுநீர்த் தொற்றுக்காக வந்தவள், பின்னால் தெருக்காரர் ஒருவர் நின்றதைப் பார்த்துவிட்டு "காய்ச்சல்" என்று சொல்லியிருக்கிறாள். காய்ச்சல்காரர்களோடு உட்காரவைத்து, வெப்பம் பார்த்து, கடைசியில் மருத்துவர் அறைக்குள் போன பிறகுதான் வந்த காரணத்தையே சொல்ல முடிந்ததாம். அவள் சொல்லி முடித்ததும் இன்னொருவர், "நானும்தான்" என்றார். அவருக்கு மூலம்.

அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். யார் என்ன நோயென்று குறிக்கவில்லை, குறிக்கவும் கூடாது. ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், எப்போது குரலைத் தாழ்த்துகிறார்கள், கவுண்டர்காரர் எத்தனை தடவை "என்ன?" என்று திரும்பக் கேட்கிறார், அதை மட்டும் கவனித்தோம். அப்புறம் இரண்டு யோசனை வைத்தோம். கவுண்டரிலிருந்து தள்ளி தரையில் ஒரு கோடு, அடுத்தவர் அதற்குப் பின்னால் நிற்கட்டும். கவுண்டரில் ஓர் அட்டை, வாயால் சொல்ல விருப்பமில்லாதவர் அதில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டட்டும், கடைசி வரி, "மருத்துவரிடம் மட்டும் சொல்கிறேன்."

செவிலியர்கள் உடனே மறுத்தார்கள். நெஞ்சுவலிக்காரர் வெட்கப்பட்டுக் கடைசி வரியைத் தொட்டுவிட்டு ஓரமாய் உட்கார்ந்துவிட்டால் யார் பொறுப்பு என்றார்கள். நியாயமான கேள்வி. நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. அதனால் அட்டையின் மேல்பகுதியில் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, நிற்காத இரத்தப்போக்கு, மயக்கம் ஆகியவற்றைப் பெரிய சிவப்பு எழுத்தில் போட்டு, இவை இருந்தால் வரிசையில் நிற்காமல் உடனே சொல்லுங்கள் என்று எழுதினார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்காகப் படமும் சேர்ந்தது. செலவு என்று பார்த்தால் பெயிண்டும் அட்டையும்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் யார் யாரோ ஒப்புதல் தர வேண்டியிருந்ததால் மாதக்கணக்கில் இழுத்தது. நடுவில் அது செத்துப்போகாமல் இருந்ததற்கு ஒரே காரணம், மினிட்ஸ், அதாவது கூட்டத்தில் பேசியதை எழுதிவைக்கும் குறிப்பு.

முன்பெல்லாம் மினிட்ஸில் "பரிசீலிக்கப்படும்" என்று எழுதி முடித்துவிடுவார்கள். அந்தச் சொல் ஒரு கிணறு. உள்ளே போனது திரும்பி வராது. நடத்துநர் ஐயா பிடிவாதமாக நின்று, ஒவ்வொரு விஷயத்துக்கும் பக்கத்தில் யார் செய்வது, எந்தத் தேதிக்குள், என்ன ஆயிற்று என்று எழுத வைத்தார். அடுத்த கூட்டம் அந்தப் பட்டியலை வாசிப்பதில்தான் தொடங்கும். முடியாது என்றால் "முடியாது, காரணம் இது" என்று எழுதட்டும், அதுவும் பதில்தான்.

பழைய உறுப்பினர்:

தாழ்வாரத்துக்கு நல்ல ஆட்கள் வாய்த்திருக்கிறார்கள். என் கதை வேறு. நான் விலகிவிட்டேன்.

எங்கள் கூட்டம் வேலைநாளில் முற்பகல். அந்த நேரத்துக்கு யார் வருவார்கள்? என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள்தான். கைக்குழந்தைக்காரி இல்லை, தினக்கூலிக்காரர் இல்லை, அந்த இடத்தை அதிகம் நம்பியிருப்பவர்கள் யாருமே இல்லை. ஆண்டறிக்கையில் மட்டும் "பயனாளிகளின் கருத்து கேட்கப்பட்டது" என்று அச்சாகிவிடும். புதுப் பிரிவு எங்கே வரும், எத்தனை மணிவரை திறந்திருக்கும், இதெல்லாம் முடிவான பிறகுதான் எங்களிடம் வந்தது. சுவருக்கு எந்த நிறம் என்பது மட்டும் எங்கள் கையில்.

திருப்திக் கணக்கெடுப்பு என்று ஒன்று நடத்தினார்கள். ஏறக்குறைய எல்லாரும் "மிக நன்று". எப்படி என்று போய்ப் பார்த்தால், ஊசி போட்ட அதே செவிலியர் படிவத்தைக் கொடுத்து, எதிரிலேயே நின்று, நிரப்பியதும் கையில் வாங்கிக்கொள்கிறார். நானாக இருந்தாலும் "மிக நன்று" என்றுதான் போட்டிருப்பேன். பெட்டியில் போடச் சொல்லுங்கள், அந்த இடத்தில் வேலை செய்யாத ஒருவர் எண்ணட்டும் என்றேன். பரிசீலித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

கோபத்தில் கொஞ்சம் தேடிப் படித்தேன். ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியாக வரைந்திருக்கிறார். கருத்துக் கேட்பது நாலாவது படி. ஐந்தாவது, சமாதானத்துக்காக நாலு பேருக்கு நாற்காலி போட்டு உட்காரவைப்பது. அதிகாரத்தில் உண்மையான பங்கு ஆறாவது படியில்தான் ஆரம்பம். நாங்கள் எந்தப் படியில் இருந்தோம் என்று தெரிந்துபோயிற்று.

ஆகவே புதுவரவு, உங்களைக் கூப்பிடுவது ஆலோசனைக் குழுவுக்கா, நிர்வாகக் குழுவுக்கா என்று முதலில் கேளுங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அமெரிக்காவில் மத்திய அரசின் சுகாதார நிலைய நிதியுதவி பெறும் இடங்களில் நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையினர், அதாவது குறைந்தது 51 சதவீதம் பேர், அங்கே சிகிச்சை பெறுபவர்களாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவதும் தலைமை நிர்வாகியை நியமிப்பதும் அவர்கள் கையில். பிரேசிலில் 1990-இல் வந்த சட்டப்படி சுகாதார மன்றங்களில் பாதி இடம் பயனாளிகளுக்கு. மறுபக்கம், இங்கிலாந்தில் 1974-இல் தொடங்கிய சமூக சுகாதார மன்றங்களை 2003-இல் கலைத்துவிட்டார்கள். அரசு கொடுத்ததை அரசே எடுத்துக்கொள்ளவும் முடியும்.

தாழ்வாரம்:

அண்ணா, ஏணி விஷயம் சரிதான், எங்களுக்கும் அதிகாரம் என்று ஒன்றும் கிடையாது. ஆனால் கூட்ட நேரம் எங்களுக்கும் முற்பகலாகத்தான் இருந்தது. நிர்வாகி ஒருமுறை 1978-இல் உலக நாடுகள் கூடி ஆரம்ப சுகாதாரம் பற்றி வெளியிட்ட அல்மா அட்டா பிரகடனத்தை வாசித்துக் காட்டினார்: தங்கள் சுகாதாரச் சேவையைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கெடுப்பது மக்களின் உரிமை, கடமை என்று. கேட்க நன்றாக இருந்தது. "அப்படின்னா கூட்டத்தை மாலையில வைங்க சார், மக்கள் அப்பதான் வீட்டுக்கு வர்றாங்க" என்றோம். கொஞ்ச காலம் மாலையில் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. குழந்தைகளைக் கூட்டிவரலாம் என்று சொன்ன பிறகுதான் இளம் தாய்மார்கள் வந்தார்கள். கூட்டம் இப்போது சத்தமாக இருக்கிறது. பரவாயில்லை.

ஊசிக்காரி:

நான் மேசைக்கு அந்தப் பக்கம். செவிலியர். எங்கள் நிலையக் குழுவில் ஊழியர் தரப்பில் உட்காருகிறேன். பழைய உறுப்பினர் ஐயா சொன்ன அந்தப் படிவத்தை நானும் நின்று வாங்கியிருக்கிறேன். மேலிடத்தில் அன்றைக்கே எண்ணிக்கை கேட்பார்கள்.

எங்களுக்கு எரிச்சல் தருவது இரண்டு. ஒன்று, குழுவில் இருப்பதை வைத்துச் சொந்தக்காரர்களுக்கு வரிசை தாண்டி இடம் கேட்பது. அப்படி ஒருவர் செய்தாலும் அதற்கப்புறம் குழு சொல்லும் எதையும் ஊழியர்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். இன்னொன்று, ஒரு குறிப்பிட்ட மருத்துவர் மேலோ செவிலியர் மேலோ உள்ள புகாரைக் கூட்டத்தில் போட்டு உடைப்பது. அதற்குப் புகார் முறை தனியாக இருக்கிறது. அங்கே இரண்டு பக்கமும் விசாரிப்பார்கள். குழுவுக்கு உரியது, ஒரே சங்கடம் பலருக்கும் நேர்வது.

குழுவால் நாங்கள் கற்றுக்கொண்டதும் உண்டு. நேரம் வாங்கிவிட்டு வராதவர்களைப் பற்றி நாங்கள் எப்போதும் குறைபட்டுக்கொண்டிருப்போம்: பொறுப்பில்லை, அக்கறையில்லை என்று. குழுவில் ஓர் அம்மா கேட்டார்: "வர முடியலைன்னு சொல்ல எந்த எண்ணுக்குக் கூப்பிடணும்?" எண்ணைச் சொன்னோம். கைப்பேசியை எடுத்து அங்கேயே கூப்பிட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டியவர் அந்த நேரத்தில் பதிவு கவுண்டரில் இருக்கிறார், எப்படி எடுப்பார்? இப்போது குறுஞ்செய்தி அனுப்பினாலே போதும் என்று மாற்றியிருக்கிறார்கள்.

துண்டறிக்கைகளையும் அச்சுக்குப் போகும் முன் குழுவில் கொடுக்கிறோம். "புரிகிறதா?" என்று கேட்பதில்லை, கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். "படித்ததை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்கிறோம். நோயாளியிடம் மருந்தை விளக்கியதும் திரும்பச் சொல்லச் சொல்கிற அதே முறைதான். "வெறும் வயிற்றில்" என்று போட்டிருந்ததை ஒருவர் "அன்னைக்கு முழுக்க ஒண்ணும் சாப்பிடக் கூடாது" என்று விளங்கிக்கொண்டிருந்தார். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர் அப்படிப் பட்டினி கிடந்தால் என்ன ஆகும் என்று தாழ்வாரம் அக்காவுக்குத் தெரியும்.

புதுவரவு:

எல்லாருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். நான் சேரப்போகிறேன் என்று தெரிந்ததுமே பக்கத்து வீட்டில், "அங்க யார் யாரு எதுக்கு வர்றாங்கன்னு உனக்குத் தெரியுமே" என்று ஆரம்பித்துவிட்டார்கள். என்ன சொல்வது?

ஊசிக்காரி:

நோயாளிகளின் கோப்புகள் குழு உறுப்பினர் கண்ணிலேயே படக் கூடாது. படும்படி எங்கேயாவது வைத்திருந்தால் முதல் கூட்டத்திலேயே சொல்லுங்கள். சேரும்போது, கேள்விப்படுவதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வாங்குவார்கள். வாங்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். பக்கத்து வீட்டுக்கு, "தெரியாது, தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது" என்றால் போதும். யாரோ தன் அனுபவத்தைக் கூட்டத்தில் சொன்னால், அதை வெளியே எடுத்துப் போக வேண்டியிருந்தால் ஆள் அடையாளமே இல்லாமல் சொல்லுங்கள். சின்ன இடத்தில், "ஓர் ஆசிரியை" என்றாலே யாரென்று தெரிந்துவிடும்.

தாழ்வாரம்:

இன்னொன்று. சேர்வதற்கு முன் கடந்த சில கூட்டங்களின் மினிட்ஸைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நோயாளி ஒருவர் எழுப்பிய விஷயம் ஒன்றாவது அதில் முடிவுக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

புதுவரவு:

இன்றைக்குப் போய்க் கேட்டேன். உறுப்பினராக இல்லாதவர்களுக்கு மினிட்ஸ் தருவதில்லையாம்.

பழைய உறுப்பினர்:

சரி, அப்படியானால் சேர்ந்துவிடுங்கள். ஏன் தருவதில்லை என்பதையே முதல் கூட்டத்தில் கேளுங்கள். கேட்டதை மினிட்ஸில் எழுதவும் சொல்லுங்கள், தேதியோடு.