டிவி ஒற்றைக் கோடாகிப் போன வெள்ளிக்கிழமை

சோமனூர்ப் பக்கம் எங்கள் வீதிக்கே அப்போது ஒரு கறுப்பு வெள்ளை டிவிதான். கொடைக்கானலைப் பார்த்துத் திருப்பி வைத்த ஆன்டெனா. வெள்ளிக்கிழமை பாட்டுப் போடும் நேரம், திண்ணை வரைக்கும் கூட்டம். பாதிப் பாட்டில் படம் மேலும் கீழும் நசுங்கி, திரை இருண்டு, நடுவில் குறுக்காக ஒரே ஒரு வெள்ளைக் கோடு நின்றது. பாட்டுச் சத்தம் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் அண்ணன் முன்பு தறி ஃபிட்டராக இருந்தவர். வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் பிரைட்னஸைக் குறைத்தார். "திரை முழுக்க விழ வேண்டிய வெளிச்சம் அத்தனையும் ஒரே எடத்துல விழுது கண்ணு. உட்டா பிக்சர் டியூப்புல தழும்பு விழுந்துரும்" என்றார்.

"படம் எங்கீங்ணா போச்சு?"

"எங்கியும் போகலை. இந்தக் கோட்டுக்குள்ளதான் மொத்தமும் கெடக்குது. தறியில ஊடை நூலைக் குறுக்க கொண்டு போற நாடா ஓடுது, ஆனா துணி சுத்தற உருளை நின்னு போச்சுன்னு வையி. ஊடையெல்லாம் ஒரே எடத்துல வந்து சேரும்ல?"

எனக்கு அது அப்படியே பதிந்துவிட்டது. டியூபுக்குள் ஒரு எலக்ட்ரான் கதிர் இடமிருந்து வலமாகக் கோடு போடுகிறது. கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குவது வேறொரு சர்க்யூட். அன்று செத்தது அந்த இரண்டாவது சர்க்யூட். நம் ஊர் டியூப் டிவியில் ஒரு படத்துக்கு 625 கோடு, நொடிக்கு 25 படம். அதாவது நொடிக்கு 15,625 கோடு. எங்கள் தறியில் நிமிடத்துக்கே நூற்றுச் சில்லறை ஊடைதான்! 625-இல் சுமார் 575 கோடுதான் கண்ணுக்கு வரும்; மிச்ச நேரம் கதிர் அடியிலிருந்து மறுபடி மேலே ஏறுவதற்குப் போய்விடும்.

தறி உவமை ஓர் இடத்தில் உதைக்கும். நாடா போகும்போதும் ஊடை விடும், திரும்பும்போதும் விடும். கதிர் அப்படியில்லை, திரும்பும்போது அணைந்துதான் வரும். அப்புறம் இன்னொன்று: முதலில் 1, 3, 5 என்று ஒன்றுவிட்டு ஒன்றாகப் போட்டுவிட்டு, அடுத்த சுற்றில் 2, 4, 6 என்று இடைவெளியை நிரப்பும். முழுப்படத்தை 25 தடவை காட்டினால் கண்ணுக்கு மினுக்கும்; அரைப்படமாக 50 தடவை காட்டினால் மினுக்கல் தெரியாது. எந்தத் தறிக்காரரும் இப்படி நெய்ய மாட்டார்.

கோளாறு என்னவோ சின்னதுதான், கோட்டைக் கீழே இறக்கும் வெர்டிகல் ஐசி சிப்பின் காலில் டிரை சால்டர், அதாவது ஈயப்பற்று விட்டுப் போயிருந்தது. கை வைக்கும் முன், டியூபில் தேங்கி நிற்கும் மின்சாரத்தை இறக்க ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ணியபோது 'டப்' என்ற சத்தத்தில் கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. படம் வந்தபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

இதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள். கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

போன மாசம் அப்பா அம்மா கல்யாண கேசட்டைப் பழைய டிவியில் ஓடவிட்டு போனில் பிடித்தேன். போனில் பார்த்தால் கறுப்புப் பட்டை ஒன்று திரையில் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. அம்மிச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே தெரியுது, எங்கடா பட்டை?" என்றது. அதன் கண்ணுக்குத் தெரியாது, எனக்கும் நேரில் தெரியாது. கதிர் இப்போதுதான் தடவிவிட்டுப் போன இடம் மட்டும் பளிச்சென்று இருக்கும், மற்றது மங்கத் தொடங்கியிருக்கும். போன் நொடிக்கு 30 படம் எடுக்கிறது, டிவி 50 அரைப்படம் போடுகிறது. இரண்டும் சேரவே சேராது. போனில் நொடிக்கு 25 படம், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/50 நொடி என்று வைத்த பிறகு பட்டை கிட்டத்தட்ட அடங்கிவிட்டது. ஆனால் தாலி கட்டும் இடம் ஏற்கெனவே பட்டையோடு பதிவாகிவிட்டது, மறுபடி ஓட்டினேன்.

பொள்ளாச்சியிலிருந்து:

அந்த 15,625 எங்கள் காதிலேயே விழுந்த கணக்கு. டிவி போட்டிருந்தால், சத்தம் முழுக்கக் குறைத்திருந்தாலும், வாசலில் செருப்பு கழட்டும்போதே 'ஙீ' என்று ஒரு மெல்லிய விசில் கேட்கும். கோடு போடும் வேகத்தில் டிரான்ஸ்ஃபார்மர் அதிர்வதுதான். அப்புச்சிக்குக் கேட்காது, வயதான காது அவ்வளவு கீச்சென்ற சத்தத்தை விட்டுவிடும். "டிவி ஓடுதுங் அப்புச்சி" என்றால் நம்பவே மாட்டார்.

ஈரோட்டிலிருந்து:

பழைய டிவி கேமைத் தூசு தட்டி புது எல்இடி டிவியில் மாட்டினேன். ஆட்டமெல்லாம் சரி, வாத்துச் சுடும் துப்பாக்கி மட்டும் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அண்ணன் மகன், "ஏனுங் சித்தப்பா, துப்பாக்கி கெட்டுப்போச்சுங்களா?" என்கிறான். துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை, அதற்குள் இருப்பது வெளிச்சம் பார்க்கும் சென்சார். விசையை அமுக்கியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் வெள்ளைக் கட்டமாகும். அதைத்தான் அது பார்க்கும். டியூப் டிவி சிக்னல் வந்த நொடியே கோட்டைப் போட்டுவிடும். புது டிவி படத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு இமைப்பொழுது தாமதித்துக் காட்டுவதால், கேம் பார்க்கும்போது கட்டம் இன்னும் வந்திருக்காது.

அட்டாலியிலிருந்து டியூப் டிவியை ரெண்டு பேர் சேர்ந்து இறக்கினோம். முதல் தோட்டாவிலேயே வாத்து விழுந்தது. இப்போது அது கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. எப்போ பழைய இரும்புக்காரனுக்குப் போடுவீங்க என்று அண்ணி தினமும் கேட்கிறார்.