பொருள்: டெங்கு துண்டுப்பிரசுரம் – பிளாஸ்மா கசிவுக்கு என்ன சொல்?

கிளிநொச்சி, மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். மாரிக்கு முன் ஊர்களுக்குக் கொடுக்கும் பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டெங்குவில் பிளாஸ்மா, அதாவது குருதியின் நீர்ப்பகுதி, குழாய்க்கு வெளியே கசிவதற்குப் பாடப்புத்தகப்படி ‘குருதித் திரவவிழையக் கசிவு’ என்று போட்டுப் பக்கத்து வீட்டு அக்காவிடம் வாசிக்கக் கொடுத்தேன். “விழையம் எண்டால் என்ன தம்பி?” என்றார். அதனால் குருதியோட்டம் குறைந்துபோகும் ஷொக் (shock) நிலைக்கும் ‘அதிர்ச்சி’ சரிதானா?

வவுனியா, தமிழாசிரியர்:
தம்பி, விழையம் என்று ஒன்றில்லை. திரவ + இழையம். இடையில் வந்தது வகர உடம்படுமெய். திரவம் வடசொல், ஆகவே நீரிழையம். கசிவையும் விடுங்கள். வாய்க்கால் வழியோடிப் ‘புல்லுக்கும் ஆங்கே பொசியுமாம்’ என்கிறது மூதுரை. மயிர்க்குழாய் எனும் நுண்ணிய குருதிக்குழாயின் சுவரால் நீர் இறங்குவது அச்சொட்டாகப் பொசிவுதான். இரணைமடு வாய்க்கால் பார்த்தவனுக்கு விளங்கும். அதிர்ச்சியும் பிழை. ‘அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்’ என்பது தொல்காப்பிய உரியியல். ஷொக்கில் பிள்ளை நடுங்குகிறதா, அடங்கிப்போகிறதா?

முல்லைத்தீவு, தாதி:
அடங்கித்தான் போகும் ஐயா. ஆனால் பொசிவு என்று வார்ட்டில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. வெறும் ‘கசிவு’ என்றாலோ தாய்மார் மூக்கையும் பல்முரசையும்தான் பார்ப்பார்கள். என் தங்கையும் அப்படித்தான் பார்த்தாள். ஐந்தாம் நாள் மகனுக்குக் காய்ச்சல் விட்டது. இனிச் சோறு கேட்பான் என்று உலை வைத்தாள். அவனோ வயிறு நோகுது என்று சுருண்டு கிடந்தான். உள்ளங்கால் பச்சைத்தண்ணி மாதிரிக் குளிர். இரத்தம் ஒரு துளி வரவில்லை. நீர் நெஞ்சறைக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த 24 முதல் 48 மணித்தியாலம்தான் ஆபத்து. தப்பிவிட்டான். ‘உட்கசிவு’ என்று போடுங்கள், தம்பி. ‘அதிர்ச்சி’ என்றால் பிள்ளை பயந்துவிட்டது என்று நூல் கட்டப் போவார்கள்.

மாங்குளம், ஓய்வுபெற்ற மருத்துவர்:
உட்கசிவு எனக்குச் சம்மதம். ஷொக்குக்குக் ‘குருதியோட்டத் தளர்ச்சி’ எனலாம். மேல், கீழ் இரத்த அமுக்கங்களின் இடைவெளி 20க்கு (மி.மீ. இரசம்) இறங்கினாலும் பிள்ளை பேசிக்கொண்டிருக்கும். இதைத் தாய்க்கு எந்தச் சொல்லாலும் காட்டமுடியாது. அரிதாக மூளை, இதயத்தசை, ஈரலும் தாக்கப்படும். அவற்றுக்குச் சொல் ஆக்கவேண்டாம், உறுப்பின் பெயரே போதும்.

வவுனியா, தமிழாசிரியர்:
உள்ளே போவது கசிவல்ல, ஊறல். ஊறு, ஊற்று, ஊறணி…

கிளிநொச்சி, மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, அச்சகக்காரர் இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார். ‘உட்கசிவு’ போகிறது. ஷொக்கை எடுத்துவிட்டு, ‘காய்ச்சல் விட்டபின் கைகால் குளிர்ந்தால் உடனே ஆஸ்பத்திரி’ என்று மேலே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.

வவுனியா, தமிழாசிரியர்:
போடுங்கள். உயர்தர வகுப்பில் நான் பொசிவு என்றுதான் படிப்பிப்பேன்.