இரவில் மட்டும் ஏறும் பிங்

கேள்வி (கோண்டாவில்): எங்கள் ஃபைபர் இணைப்பில் பகலில் சிங்கப்பூர் விளையாட்டுச் சேர்வருக்குச் சீராக இருக்கும் பிங் (தரவு போய்த் திரும்ப எடுக்கும் நேரம்), இரவில் 300 மில்லிசெக்கனைத் தாண்டுகிறது, வேகச் சோதனையோ குறை எதையும் காட்டவில்லை. எங்கிருந்து தேடுவது?

பதில் (நல்லூர்): தம்பி, முதலில் கணினியைக் கேபிளால் இணைத்து, றவுட்டரின் முகவரிக்கே பிங் செய்து பாருங்கள். வைபையில் மட்டும் ஏறினால் 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறலாம்; ஆனால் எங்கள் பழைய வீடுகளின் தடித்த சுவர்களை அது எளிதில் ஊடுருவாது என்பதால் கேபிளே மேல்.

பதில் (மானிப்பாய்): அண்ணை சொன்னதோடு பதிவேற்றத்தையும் கவனியுங்கள். இரவில் கனடாவிலுள்ள உறவினருடன் காணொளியில் பேசும்போதும், கைபேசிகள் படங்களைத் தாமாகவே பதிவேற்றும்போதும் அந்தப் பாதை நிரம்பி, விளையாட்டின் சிறு தரவுப் பொதிகள் றவுட்டரின் வரிசையில் காத்துக் கிடக்கின்றன. றவுட்டரில் எஸ்கியூஎம் (SQM, அந்த வரிசை நீளாமல் ஒழுங்குபடுத்தும்) வசதி இருந்தால், பதிவேற்ற எல்லையை உண்மை வேகத்தின் 90 சதவீதமளவில் அமையுங்கள்.

கேட்டவர்: படப் பதிவேற்றத்தை நிறுத்தியதும் பிங் இறங்கிவிட்டது. எஸ்கியூஎம் எங்கள் றவுட்டரில் இல்லை. வேறொன்று வாங்கத்தான் வேண்டும். இருவருக்கும் மிக்க நன்றி.