புதன்கிழமைக்குள் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டச் சொல்கிறார் ஏஜென்ட்: ரேடியோகிராபர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்

கும்பகோணத்துப் பெண்:
எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஊரில் நாலு வருஷம் ரேடியோகிராபராக வேலை பார்த்தேன், எக்ஸ்ரேயும் சி.டி.யும். இங்கே ஒரு ஏஜென்ட் ஆஸ்பத்திரி வேலை உறுதி, இந்த வேலை பார்க்கத் தேவையான பதிவையும் தானே எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி 4,000 வெள்ளி கேட்கிறார். புதன்கிழமை தாண்டினால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடுமாம். தேக்கா பக்கம் அடகுக்கடை வாசல் வரைக்கும் இரண்டு தடவை போய்த் திரும்பி வந்துவிட்டேன். தூக்கமே இல்லை. கட்டலாமா?

செங்காங் அண்ணன்:
தங்கச்சி, வேலை கிடைப்பதை விட கிடைத்த பிறகுதான் கஷ்டம், அதற்கு முதலில் மனசைத் தயார் பண்ணுங்கள். நான் வந்த முதல் வாரம் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க ஒரு சீனப் பாட்டி வந்தார். நான் ஆங்கிலத்தில் மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று முறை எடுத்தும் படம் கலங்கல்தான், பாவம், அந்த அம்மாவுக்கு வீணாக மூன்று டோஸ் கதிர்வீச்சு. அன்று ராத்திரி ரூமில் உட்கார்ந்து "ஷீ ச்சி, பி ச்சி" என்று சொல்லிச் சொல்லிப் பழகினேன். மலாய்க்காரர் வந்தால் "தாரிக் நஃபாஸ், தஹான்". நம்ம ஊர்த் தாத்தா வந்தால் தமிழிலேயே சொல்லுங்கள், அவர் முகம் மலர்வதைப் பார்க்கவே ஒரு நாள் வேலை செய்யலாம். இந்த நாலு வார்த்தையை இப்போதே மனப்பாடம் செய்யுங்கள்.

பூன்லே அக்கா:
ஊர் சர்டிபிகேட்டை நம்பி உட்காராதே மா. முன்பு நன்யாங் பாலிடெக்னிக்கில் இதற்கு டிப்ளமா இருந்தது, இப்போது எஸ்.ஐ.டி.யில் (சிங்கப்பூர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி) நாலு வருஷ டிகிரி. அதில் சேர்ந்துவிடு. படிக்கும்போதே இங்குள்ள ஆஸ்பத்திரிகளில் பயிற்சி கிடைக்கும். என் அண்ணன் மகள் அப்படித்தான் வந்தாள்.

ஈசூன் ராத்திரி ஷிஃப்ட்:
அக்கா, நாலு வருஷம் வேலை பார்த்தவரை மறுபடியும் முதல் வருஷத்தில் உட்காரச் சொல்கிறீர்களே! நான் தமிழ்நாட்டில் படித்த டிகிரியோடுதான் வந்தேன். முதலில் நிபந்தனைப் பதிவு கொடுத்தார்கள், மூத்தவர் ஒருவர் கண்காணிப்பில் வேலை பார்த்தேன், பிறகு முழுப் பதிவு. படிப்பு சரியாக இருந்தால் இந்த வழி இருக்கிறது.

பூன்லே அக்கா:
நீ வந்த காலம் வேறு தம்பி. அப்போது ரூம் வாடகை என்ன, இப்போது என்ன? ஜன்னல் இல்லாத ரூமுக்குக் கேட்கிற காசைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சமைக்கவும் விட மாட்டார்கள்.

ஈசூன் ராத்திரி ஷிஃப்ட்:
வாடகையை விடுங்கள் அக்கா, முதுகு என்ன ஆகும்? ராத்திரியில் அவசரப் பிரிவிலிருந்து வரும் நோயாளியை சி.டி. மேஜைக்கு மாற்ற கை கொடுக்க ஆள் தேடி நிற்பேன். எட்டு மாசத்தில் எனக்கு இடுப்பு போய்விட்டது. என் பழைய மேலாளர் லீவு கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

செங்காங் அண்ணன்:
எம்.ஆர்.ஐ.யில் வேறு மாதிரி தலைவலி. தாலியைக் கழற்ற மாட்டேன் என்று அழுத அம்மாவோடு நான் இருபது நிமிஷம் பேசியிருக்கிறேன். கடைசியில் அவர் மகளைக் கூப்பிட்டு, மஞ்சள் கயிற்றில் கோத்துக் கையில் வைத்துக் கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னோம். கயிற்றில் ஊக்கு தொங்கினால் காந்தம் இழுத்துவிடும், அதனால் விட்டுக்கொடுக்கவே முடியாது.

பெடோக் மீனா:
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்தப் பெண் கேட்டது புதன்கிழமையைப் பற்றி. கும்பகோணம், மூன்று விஷயத்தைச் சொல்லவே இல்லையே. எந்த பாஸில், அதாவது எந்தத் தங்கும் அனுமதியில் இருக்கிறீர்கள்? படித்தது டிகிரியா, டிப்ளமாவா? ஏஜென்ட் எந்த ஆஸ்பத்திரி என்று எழுத்தில் கொடுத்தாரா?

கும்பகோணத்துப் பெண்:
மன்னிக்கவும் அக்கா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். கணவர் ஈ.பி. (வேலைக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ்), நான் டி.பி. (அவரைச் சார்ந்து தங்கும் டிபெண்டன்ட் பாஸ்). பி.எஸ்சி., ஒரு வருஷ இன்டர்ன்ஷிப்போடு. எழுத்தில் எதுவும் இல்லை, வாட்ஸ்அப்பில் குரல் செய்தி மட்டும்தான்.

பெடோக் மீனா:
அப்படியென்றால் கட்டாதீர்கள். நகையை வீட்டிலேயே வையுங்கள்.

பதிவை எந்த ஏஜென்டும் வாங்கித் தர முடியாது. ரேடியோகிராபர் பதிவு அல்லைட் ஹெல்த் புரொஃபெஷன்ஸ் கவுன்சில் என்ற அரசு அமைப்பின் கையில். அவர்கள் பார்ப்பது உங்கள் படிப்பையும் வேலை கொடுப்பவரையும். பதிவு இல்லாமல் அந்த வேலை பார்ப்பதே சட்டப்படி தப்பு. கையிலிருக்கும் பாடத்திட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் வைத்து அவர்களுக்கு இன்றைக்கே மின்னஞ்சல் போட்டு, இந்தப் படிப்பு ஏற்கப்படுமா என்று கேளுங்கள். அதற்குக் காசு கிடையாது.

டி.பி. வைத்திருப்பவர்கள் 2021 மே மாதத்திலிருந்து வேலைக்குப் போக வேண்டுமென்றால் தனியாக வேலை பாஸ் வேண்டும், பழைய அனுமதிக் கடிதம் போதாது. அதாவது ஆஸ்பத்திரியே உங்களுக்கு ஈ.பி.யோ, அதற்கு அடுத்த நிலை வேலை பாஸான எஸ் பாஸோ கேட்க வேண்டும். எஸ் பாஸுக்கு சேவைத் துறையில் மொத்த ஊழியரில் 10 சதவீதம்தான் ஒதுக்கீடு, வேலை கொடுப்பவர் அரசாங்கத்துக்கு மாசம் 650 வெள்ளி தீர்வை வேறு கட்ட வேண்டும். அதனால்தான் சின்ன கிளினிக்குகள் தயங்குகின்றன. சிங்ஹெல்த், என்.யு.எச்.எஸ்., என்.எச்.ஜி. ஹெல்த் (முன்பு நேஷனல் ஹெல்த்கேர் குரூப்) ஆகிய மூன்று அரசு ஆஸ்பத்திரிக் குழுமங்களின் வேலைப் பக்கங்களிலும் நீங்களே நேரடியாக விண்ணப்பியுங்கள்.

ஏஜென்ட் வேண்டுமென்றால் முதலில் அவருடைய உரிம எண்ணைக் கேட்டு மனிதவள அமைச்சின் இணையதளத்தில் தேடுங்கள். உரிமம் இருந்தாலும் வேலை ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் உங்களிடம் வாங்கக் கூடாது. வேலைக் கடிதம் கையில் வராமல் ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள்.

கும்பகோணத்துப் பெண்:
உரிம எண் கேட்டேன் அக்கா. ஃபோனை வைத்துவிட்டார். இப்போது ஊரிலிருந்து என்ன வாங்கி வைக்க வேண்டும்?

பெடோக் மீனா:
நல்லதுதான், போகட்டும். அவருடைய குரல் செய்திகளை அழிக்காமல் வையுங்கள், புகார் கொடுக்க உதவும். கல்லூரியிலிருந்து இன்டர்ன்ஷிப்பில் எந்தெந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம் என்று கையெழுத்தோடு ஒரு கடிதம், பழைய ஆஸ்பத்திரியிலிருந்து அனுபவச் சான்று, அப்புறம் டி.எல்.டி. பேட்ஜ் (வேலையில் நம் மேல் படும் கதிர்வீச்சை அளக்க மாட்டிக்கொள்வது) டோஸ் அறிக்கை, நாலு வருஷத்துக்கும். அந்த அறிக்கையைத்தான் எல்லாரும் மறப்பார்கள். அப்பாவை நேரில் போய் வாங்கச் சொல்லுங்கள், ஃபோனில் கேட்டால் தள்ளிப்போடுவார்கள்.