செப்சிஸ் ஸ்கோரான கியூசோஃபா பூஜ்யம் என்றால் நோயாளியை வீட்டுக்கு அனுப்பலாமா?

இரவுப்பணி: சின்ன ஆஸ்பத்திரி, செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகளையே பாதிக்கும் நிலை) சந்தேகத்தில் எடுக்கும் லாக்டேட் ரத்தப் பரிசோதனைக்கு வசதி இல்லை. காய்ச்சலோடு வந்தால் கியூசோஃபாவின் மூன்று கேள்விகள், மூச்சு நிமிஷத்துக்கு 22-ஐத் தொட்டதா, மேல் பிபி 100-க்கு இறங்கியதா, பேச்சில் குழப்பமா என்று மட்டும் பார்த்துவிட்டு, மூன்றும் இல்லையென்றால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நீங்கள் எப்படி?

பழையஸ்டெத்: ஒப்பாததே சரி. கியூசோஃபாவை மட்டும் வைத்து ஸ்க்ரீனிங் செய்யாதீர்கள் என்று செப்சிஸ் சிகிச்சைக்கான 2021 சர்வைவிங் செப்சிஸ் சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. மூச்சு, ஆக்ஸிஜன், பிபி, பல்ஸ், நினைவு, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடும் நியூஸ்2 ஸ்கோரைப் போடுங்கள், அதற்கு லேப் வேண்டாம். 5 வந்தால் டாக்டர் உடனே பார்க்கணும், 7 என்றால் எமர்ஜென்சி. அதுவும் முழுசா நம்புகிற விஷயமில்லை, பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடும் தாத்தாவுக்கு பல்ஸ் ஏறாது, வயசானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் செப்சிஸ் வரும்.

வார்டுசிஸ்டர்: ஸ்கோர் இருக்கட்டும் சார், மூச்சை யார் எண்ணுகிறார்கள்? ஷீட்டைப் புரட்டினால் எல்லோருக்கும் 20தான்! பல்ஸ் பார்ப்பதுபோல் கையைப் பிடித்தபடி ஒரு முழு நிமிஷம் நெஞ்சைப் பார்த்து எண்ணணும், எண்ணுவது தெரிந்தால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும். அப்புறம், பாராசிட்டமால் ஏற்றியதும் காய்ச்சல் இறங்கி "நல்லா இருக்கு, கிளம்புறேன்" என்பார்கள். காய்ச்சல் இறங்கியும் பல்ஸ் 120-லேயே நின்றால் நான் டாக்டரைத் திரும்பக் கூப்பிடுவேன், திட்டினாலும் பரவாயில்லை.

தென்காசிக்காரன்: ரோரி ஸ்டான்டன் கேஸைப் படியுங்கள். 2012, நியூயார்க், 12 வயதுப் பையன், பள்ளி ஜிம்மில் விழுந்து கையில் சிராய்ப்பு. வாந்தி, காய்ச்சலோடு வந்தவனை வயிற்றுக் கோளாறு என்று எமர்ஜென்சியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு அவன் கிளம்பிய பிறகு வந்தது, வீட்டுக்கு யாரும் போன் செய்யவில்லை. செப்சிஸில் பையன் பிழைக்கவில்லை. மறு வருஷமே அந்த மாநிலம் ஆஸ்பத்திரிகளுக்குச் செப்சிஸ் விதிமுறை கொண்டுவந்தது. அனுப்பிய ரிசல்ட் வரும்வரை ஆளை விடாதீர்கள். கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட், முடிவு வர நாளாகும்) என்றால் எடுக்கக்கூடிய போன் நம்பரை வாங்கி ஒரு தடவை அடித்தே பாருங்கள். நம்ம பக்கம் ஸ்க்ரப் டைபஸ் (பூச்சி கடித்து வரும் காய்ச்சல்) வேறு, அக்குள், இடுப்பு மடிப்பு, மார்பின் அடி என்று துணியை விலக்கிக் கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்காமல் அனுப்பவே கூடாது.

இரவுப்பணி: சரி, ஆனால் எல்லோரையும் வைத்திருக்க பெட் ஏது?

பழையஸ்டெத்: எல்லோரையும் வேண்டாம். கீமோ ஓடுபவர், மண்ணீரல் எடுத்தவர், பிரசவமாகி ஆறு வாரம் ஆகாதவர், வீட்டில் துணை இல்லாதவர், இவர்களை மட்டும் ஸ்கோரை நம்பி வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். மற்றவர்களுக்குக் கிளம்பும் முன் வைட்டல்ஸ் (மூச்சு, பல்ஸ், பிபி, காய்ச்சல்) மறுபடி எடுங்கள், சிறுநீர் குறைந்தால், உதறல் எடுத்தால், பேச்சு குழறினால் ராத்திரியானாலும் வரச் சொல்லுங்கள். அதை நோயாளியிடம் அல்ல, கூட வந்தவரிடம்.