மெகட்ரானிக்ஸ் பி.இ. முடித்தவருக்கு ஜெர்மனியில் வேலை: எங்கே தேடுவது, எந்த விசா?

ஓசூர்_2025
வணக்கம். இந்த வருஷம் மே மாசம் பி.இ. மெகட்ரானிக்ஸ் முடிஞ்சது. அண்ணா பல்கலைக்கழகப் பட்டம், சி.ஜி.பி.ஏ. 8.2. ஜெர்மன் ஏ2 பாஸ், பி1 போயிட்டிருக்கு. 'மெகட்ரோனிக்கர்'னு தேடி அறுபது இடத்துக்கு விண்ணப்பிச்சாச்சு, பதிலே இல்லை. சான்சென்கார்டே (அங்க போய் வேலை தேடுறதுக்கான விசா) எடுத்துட்டு நேர்ல போய்த் தேடலாமா, இங்கிருந்தே ப்ளூ கார்டுக்கு (பட்டதாரிகளுக்கு ஆஃபர் கையில இருந்தா கிடைக்கிற வேலை அனுமதி) முயற்சி பண்ணலாமா? பி.எல்.சி.ல (மெஷினை இயக்கற கன்ட்ரோலர்) லேடர் லாஜிக்னு படம் மாதிரி வரையற நிரல் முறை மட்டும் தெரியும்.

சர்வோ
தேடுற சொல்லே தப்புங்க. அங்க 'மெகட்ரோனிக்கர்'ங்கறது மூன்றரை வருஷத் தொழிற்பயிற்சி முடிச்ச டெக்னீஷியனோட பேரு. பேனல் வயரிங், மெஷின் பராமரிப்புக்கு ஆள் கேட்ட இடத்துக்கு பி.இ. விண்ணப்பம் போனா ஓரமா வச்சிடுவாங்க.

பி.எல்.சி.க்கு அங்க பேரு எஸ்.பி.எஸ். அதனால 'எஸ்.பி.எஸ். ப்ரோக்ராமீரர்', 'ஆட்டோமாடிசீருங்ஸ் இன்ஜெனியோர்', கமிஷனிங் வேலைக்கு 'இன்பெட்ரீப்நாமே'ன்னு தேடுங்க. ஆங்கில விளம்பரம் போடுற பெரிய கம்பெனிக்கு உலகமே விண்ணப்பிக்குது. பாடன் வூர்ட்டம்பெர்க், பவேரியா பக்கம் பேக்கேஜிங் மெஷின், அசெம்பிளி லைன் கட்டுற நடுத்தரக் கம்பெனிகள் நிறைய. அவங்க பெரும்பாலும் ஜெர்மன்லதான் விளம்பரம் போடுவாங்க. வாடிக்கையாளர் ஆலையில நின்னு பேசணும்கிறதால பி2 எதிர்பார்ப்பாங்க, பி1-ஓட நிறுத்தாதீங்க.

ரெஸ்யூமேல 8.2-ன்னு மட்டும் போட்டா அவங்களுக்குப் புரியாது. அங்க 1.0தான் உச்சம், 4.0 பாஸ். பத்துல இருந்து உங்க மதிப்பெண்ணைக் கழிச்சு, மூணால பெருக்கி, ஐந்தால வகுத்து, ஒண்ணு கூட்டுங்க. 1.8 × 3 = 5.4, 5.4 ÷ 5 = 1.08; கூட்டினா 2.08. ரெண்டையும் போடுங்க. ரெண்டு பக்கம் போதும், தேதி எல்லாம் மாசம், வருஷத்தோட. சான்றிதழ்களை ஒரே பி.டி.எஃப். ஆக்கிச் சேர்த்துடுங்க.

கோடை_மழை
விசா பக்கம் நான் சொல்றேன். முதல்ல அனாபின் தளம், வெளிநாட்டுப் பட்டங்களுக்கு ஜெர்மனி வச்சிருக்கிற பட்டியல். பட்டச் சான்றிதழ்ல உள்ள பல்கலைக்கழகத்தைத் தேடுங்க, காலேஜ் பேரை இல்லை. அதுக்கு நேரே எச்+ (அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகம்) இருந்தா நல்லது. உங்க பட்டமும் சமமானதா பட்டியல்ல இல்லைன்னா, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடுற ஜெட்.ஏ.பி. அலுவலகத்துக்கு 208 யூரோ கட்டி மதிப்பீட்டுச் சான்று வாங்கணும். இதுக்கு மாசக்கணக்குல ஆகலாம், ஆஃபர் வந்த பிறகு ஆரம்பிச்சா கம்பெனி காத்திருக்காது. இப்பவே போடுங்க.

ப்ளூ கார்டுக்கு 2025-ல பொதுச் சம்பள வரம்பு வருஷத்துக்கு 48,300 யூரோ. பட்டம் வாங்கி மூணு வருஷத்துக்குள்ள இருக்கறவங்களுக்கு 43,759.80. ஜனவரியில மாறும்.

சான்சென்கார்டே 2024 ஜூன்ல வந்தது. பட்டம் முழுசா அங்கீகரிக்கப்பட்டா புள்ளிக் கணக்கே தேவையில்லை. செலவுக்குப் பணம் இருக்குன்னுதான் காட்டணும்: மாசம் 1,091 யூரோ வீதம் 12 மாசத்துக்கு 13,092. மாணவர் விசாவுக்கான 11,904-ஐ முடக்கக் கணக்குல (மாசாமாசம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடியற பிளாக்டு அக்கவுண்ட்) போட்டுட்டு விண்ணப்பிச்சா நிதி போதலைன்னு நிக்கும். அங்க போய் வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலை பார்க்கலாம், ஒரு கம்பெனியில ரெண்டு வாரம் வரைக்கும் சோதனை வேலையும் செய்யலாம். ஆனா ஸ்டுட்கார்ட் வாடகையில பணம் சீக்கிரம் கரையும். பி2 முடிக்காம இதுல இறங்காதீங்க.

ரிலே24வோல்ட்
சின்னத் திருத்தம். இன்ஜினியர் வேலை ஏற்கெனவே ஆள் பற்றாக்குறைப் பட்டியல்ல இருக்கு. மூணு வருஷம் தாண்டினாலும் குறைஞ்ச வரம்புதான், அதனால அந்தக் கெடுவை நினைச்சு அவசரப்பட வேண்டாம். அங்குள்ள வேலைவாய்ப்பு முகமை ஒப்புதல் மட்டும் வேணும். ஆஃபர் கொடுக்கிற கம்பெனி 411 யூரோ கட்டி விரைவு நடைமுறையில போட்டா, தூதரக அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருப்பு வெகுவாக் குறையும். நேர்காணல்ல நீங்களே சொல்லுங்க, சின்னக் கம்பெனிகளுக்கு இது தெரியாமலே இருக்கும்.

லேடர் மட்டும் பத்தாது. அங்க சீமென்ஸோட பி.எல்.சி. நிரல் மென்பொருளான டி.ஐ.ஏ. போர்ட்டல்ல, எஸ்.சி.எல்.ங்கற எழுத்து வடிவ மொழியில எழுதுற ஆளைத்தான் கேட்பாங்க. அதோட சோதனைப் பதிப்பு 21 நாள்தான் ஓடும். அதனால முதல்ல காசில்லாத கோடெசிஸ் மென்பொருள்ல ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் மொழி பழகுங்க, இலக்கணம் ஏறக்குறைய அதேதான். கன்வேயர், ரெண்டு சிலிண்டர், ஒரு சென்சார் வச்சு ஸ்டேட் மெஷின் (கட்டம் கட்டமா நகர்ற நிரல்) எழுதுங்க. சென்சார் அறுந்தா, சிலிண்டர் பாதியில நின்னா என்ன அலாரம், எப்படி ரீசெட்னு அதுலயே வரணும். எமர்ஜென்சி ஸ்டாப்பை விட்டதும் மெஷின் தானா ஓட ஆரம்பிச்சா நேர்காணல் அங்கயே முடிஞ்சது. மெஷின் பாதுகாப்புத் தரமான ஐ.எஸ்.ஓ. 13849-ல பெர்ஃபார்மன்ஸ் லெவல்னா என்னன்னும் சொல்லத் தெரியணும்.

ஓசூர்_2025
ரொம்ப நன்றிங்க, இன்னைக்கே ஜெட்.ஏ.பி. விண்ணப்பம் போடறேன். ஒரு ஏஜென்ட் ஆஃபர் லெட்டருக்கு ரெண்டு லட்சம் கேட்கிறார், அது?

கோடை_மழை
கொடுக்காதீங்க. பதிவு பெற்ற ஏஜென்டே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். இந்திய அரசோட இ-மைக்ரேட் தளத்துல அவர் உரிம எண்ணைப் போட்டுப் பாருங்க. லெட்டர்ல இருக்கிற கம்பெனியோட சொந்த இணையதளத்துல உள்ள முகவரிக்கு நீங்களே மெயில் போட்டும் கேட்டுடுங்க.