மலைநாட்டில் வீடு எடுக்கிறீர்களா? நெட்டுக்கு முன் ஜன்னலைப் பாருங்கள்

வேலை, படிப்பு என்று தமிழ்நாட்டிலிருந்து இலங்கையின் கண்டி, ஹட்டன், நுவரெலியா பக்கம் வருகிறவர்கள் வீடு பிடித்த கையோடு கேட்பது, "எந்த நெட் எடுக்கலாம்?" என்பதுதான். கம்பெனியை அப்புறம் பார்க்கலாம், முதலில் அந்த வீட்டைப் பாருங்கள் என்பதே என் பதில். இது மலை. எதிர்வீட்டில் பறக்கிற 4ஜி உங்கள் படுக்கையறையில் படுத்துவிடும். நடுவில் ஒரு மேடு இருந்தால் போதும். நுவரெலியாவுக்கு மேலே 2,524 மீட்டர் உயரத்தில் பிதுருதலாகலை உச்சியில் ஒளிபரப்புக் கோபுரமே நிற்கிறது. ஆனாலும் பள்ளத்துக்குள் இருக்கிற வீட்டுக்குச் சிக்னல் வந்துதான் ஆகவேண்டும் என்று இல்லை.

கண்டியில் முதலில் எடுத்த தொடர்மாடி (அடுக்குமாடி) வீட்டில் இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தேன். போனில் நெட் நன்றாக ஓடியது. அதை நம்பி ரவுட்டர் வாங்கி ஒரு வருட ஒப்பந்தமும் போட்டுவிட்டேன். இரவு எட்டு மணிக்கு வீடியோ காலில் அம்மா முகம் அப்படியே உறைந்து நின்றது. ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தேன். சமையலறை ஜன்னல் கட்டையில் வைத்தபோதுதான் மூன்று கோடு எழுந்தது. வருடம் முழுக்க அது அங்கேயே, மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு தடவை இரவில் போய்ப் பாருங்கள். டயலொக், மொபிடெல், ஹட்ச் ப்ரீபெய்டு சிம்களில் சிறிய தொகைக்கு ரீலோட் செய்துகொண்டு (ரீசார்ஜை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ஒவ்வொரு அறையிலும் வேகம் பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.

கட்டடத்துக்கு எஸ்எல்டி (ஸ்ரீலங்கா டெலிகொம்) ஃபைபர் வந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், அதையே எடுங்கள். "வரும், வரும்" என்ற வீட்டுக்காரரின் பேச்சை மட்டும் நம்பாமல், வீட்டுக்குள் ஃபைபர் பெட்டி இருக்கிறதா என்று சுவரில் தேடுங்கள். இருந்தால், பழைய குடித்தனக்காரரின் பாக்கி எதுவும் அந்த இணைப்பில் நிற்கிறதா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இணைப்பு எடுக்கப் போகும்போது பாஸ்போர்ட், விசா, வாடகை ஒப்பந்தம் மூன்றுக்கும் நகல் கையில் இருக்கட்டும்.

விலையில் ஏமாந்துவிடாதீர்கள். விளம்பரத்தில் இருப்பது வரி சேர்க்காத விலையா என்று கேளுங்கள். 2024 ஜனவரியிலிருந்து வாட் வரியே 18 சதவீதம், அதற்கு மேல் தொலைத்தொடர்பு வரியும் உண்டு. பல பேக்கேஜ்கள் ஜிபி கணக்கில்தான். "அன்லிமிடெட்" என்று போட்டிருந்தாலும் எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

2025 ஜூலையிலிருந்து ஸ்டார்லிங் என்ற செயற்கைக்கோள் நெட்டும் கிடைக்கிறது. தனி வீட்டுக்கு, தோட்டத்துப் பக்கம் பங்களாவுக்கு நல்லது. தொடர்மாடியில் பால்கனி மட்டும் இருந்தால் வானம் போதாது.

டிவி என்றால் இரண்டு வழி. பியோ டிவி எஸ்எல்டி இணைப்பிலேயே வரும். லைன் போனால் டிவியும் போகும். டயலொக் டிவிக்கு மொட்டைமாடியில் டிஷ் வைக்க அனுமதி வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன் பக்கம் கொட்டும்போது படம் அவ்வப்போது நின்றுவிடும். ஊரிலிருந்து டிஷ் பெட்டியைத் தூக்கிவராதீர்கள்; அந்தச் சந்தா இந்தியாவுக்கு மட்டுமானது.

எந்த வழியானாலும் சக்தி, வசந்தம், நேத்ரா என்ற தமிழ்ச் சேனல்கள் மூன்றும் வருகிறதா என்று பாருங்கள். இதை நான் சீரியலுக்காகச் சொல்லவில்லை. நிலச்சரிவை இங்கே மண்சரிவு என்பார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எந்தெந்தப் பிரதேசத்துக்கு எச்சரிக்கை விட்டிருக்கிறது என்று இந்தத் தமிழ்ச் செய்திகளில் சொல்வார்கள். மழை நாளில் உங்கள் பிரதேசச் செயலகப் பிரிவின் (நம் ஊர்த் தாலுகா மாதிரி) பெயர் அதில் வருகிறதா என்று கவனியுங்கள். அந்தப் பெயரை இப்போதே வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் (பேரிடர் மேலாண்மை மையம்) அவசர எண் 117. அதையும் போனில் போட்டு வையுங்கள்.

கரண்ட் போகும். ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கி வைத்தால் ஃபைபர் பெரும்பாலும் தொடர்ந்து வேலை செய்யும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி இறங்கும். என் முதல் ரவுட்டர் அப்படித்தான் கருகியது. கீழ்வீட்டு அக்கா பதுளைக்காரர். அன்று அவர் வந்து அடாப்டரை முகர்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, முதல் முழக்கம் கேட்டதுமே பிளக்கைக் கழற்றிடணும், செம்புக் கம்பி லைன் என்றால் அந்த வயரையும் சேர்த்துக் கழற்றணும்" என்றார். இப்போது முழக்கம் கேட்டால் அவர் வீட்டுக் கதவு திறக்கும் முன்பே என் கை பிளக்கில் இருக்கும்.